மழைக்குக் கட்டம் போட்டவர்

ஐப்பசி பிறந்துவிட்டால் வீரசோழன் வட்டாரத்தில் எல்லோருடைய கண்ணும் வானத்தில் இருக்கும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று விரிந்து கிடக்கும் இந்தக் காட்டில் குண்டாறு இருக்கிறது. ஆனால் ஆண்டில் பெரும்பாலான நாள் அதில் மணல்தான் தெரியும். வானம் பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாயும் பருத்தியும்கூட வாடும்.

அந்த மழையும் ஒழுங்காகப் பெய்வதில்லை. ஓர் ஊர்க் கண்மாய் மறுகால் பாயும். அடுத்த ஊர்க் கண்மாயில் ஆடு மேயும்.

நாளை மழை உண்டா, இல்லையா? இதை அறிய மனிதர்கள் பஞ்சாங்கம் பார்த்தார்கள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். தட்டான் தாழப் பறக்கிறதா என்று பார்த்தார்கள்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போட்டு மழையைச் சொல்லலாம் என்று ஒருவர் கிளம்பினார். பூமியின் மேல் சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்டார். அவருடைய முதல் கணக்கு படுதோல்வி அடைந்தது. ஆனாலும் இன்று உலகம் முழுவதும் மழையையும் புயலையும் கடல் அலையையும் அந்தக் கட்டத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

அவர் பெயர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன். இங்கிலாந்துக்காரர்.

புதைத்த காசு

திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்தது 1879-ம் ஆண்டு. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1881 அக்டோபர் 11-ந் தேதி, வட இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் ரிச்சர்ட்சன் பிறந்தார். தகப்பனார் தோல் பதனிடும் தொழில் செய்தவர். வீட்டில் ஏழு குழந்தைகள். இவர் கடைக்குட்டி.

பாங்கில் போட்ட பணம் வளரும் என்று வீட்டில் யாரோ சொன்னார்கள். ஐந்து வயதுச் சிறுவன் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பினான். கையில் இருந்த காசைத் தோட்டத்தில் புதைத்து வைத்தான். காசு முளைக்கவில்லை. எதையும் தானே செய்து பார்க்கும் குணம் மட்டும் அவனிடம் கடைசிவரை இருந்தது.

அந்தக் குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. இந்தக் கொள்கைக்காக ரிச்சர்ட்சன் பின்னால் கொடுத்த விலை பெரியது.

சேற்றில் பிறந்த கணக்கு

1903-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1906-ல் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அது சதுப்பு நிலத்தில் கிடைக்கும் கரிமண்ணை வெட்டி எடுக்கும் கம்பெனி. அந்த மண் காய வேண்டும். அதற்கு எங்கெங்கே வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடியும்? இதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ரிச்சர்ட்சனிடம் வந்தது.

தண்ணீர் மண்ணில் கசியும் விதத்துக்குச் சூத்திரம் இருந்தது. ஆனால் நிலம் கோணல் மாணலாக இருந்தால் அந்தச் சூத்திரத்துக்கு விடை காண முடியாது. பெரிய கணித மேதைகளும் கைவிட்ட இடம் அது.

ரிச்சர்ட்சன் வேறு வழியில் போனார். நிலத்தின் படத்தில் கட்டம் போட்டார். ஒரு வயலில் பாத்தி கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பாத்தியின் ஈரம், அதைச் சுற்றியுள்ள நான்கு பாத்திகளின் ஈரத்தைப் பொறுத்தது. நான்கிலும் ஈரம் 10, 8, 6, 4 என்று இருந்தால் நடுவில் 7. நான்கையும் கூட்டி நாலால் வகுத்தால் போதும். இப்படியே ஒவ்வொரு கட்டமாகப் போக வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். விடை மாறாமல் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கடினமான கணக்கு, பள்ளிக்கூடப் பையன் போடும் கணக்காகிவிட்டது. பொறுமை மட்டும் வேண்டும்.

எகிப்தில் நைல் நதிமேல் உள்ள அஸ்வான் அணையின் சுவர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதையும் அவர் இந்த முறையில் கணக்கிட்டார். உண்மையாகவே பையன்களைக் கூலிக்கு அமர்த்தினார். கட்டத்துக்கு இவ்வளவு என்று காசு. தப்பாகப் போட்ட கணக்குக்குக் கூலி கிடையாது!

கேம்பிரிட்ஜ் கல்லூரி இதை மதிக்கவில்லை. இது தோராயக் கணக்கு, சுத்தமான கணிதம் அல்ல என்று சொல்லி அவருக்கு ஆய்வாளர் பதவி தர மறுத்துவிட்டது. அவரும் பிறகு அங்கே பதவி தேடிப் போகவில்லை.

1909-ல் டாரதி என்ற பெண்மணியை மணந்தார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. இரண்டு பையன்களையும் ஒரு பெண்ணையும் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. இருட்டில் பனிப்பாறையை எப்படி அறிவது? சத்தம் போட்டு எதிரொலியைக் கேட்டால் போதும் என்று ரிச்சர்ட்சனுக்குத் தோன்றியது. சில நாட்களுக்குள் அந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். அடுத்த மாதம், தண்ணீருக்கு அடியில் ஒலி அனுப்பும் முறைக்கும் மனுப் போட்டார். அதைச் செய்து பார்க்க முதலாளி யாரும் முன்வரவில்லை. இன்று மீன் கூட்டத்தையும் கடலின் ஆழத்தையும் காட்டும் எதிரொலிக் கருவி அதே வழியில்தான் வேலை செய்கிறது.

வைக்கோல் மேல் ஒரு வானம்

1913-ல் ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்மூர் என்னும் இடத்து வானிலை நிலையத்துக்குத் தலைவரானார். சுற்றிலும் மலை. ஓயாத மழை. அங்கே அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். சதுப்பு நிலத்துக்குப் போட்ட கட்டத்தை வானத்துக்கும் போட்டால் என்ன?

ஐரோப்பாவின் படத்தை எடுத்தார். சுமார் 200 கிலோமீட்டர் பக்கம் உள்ள கட்டங்களாகப் பிரித்தார். நமது பக்கம் அப்படி ஒரு கட்டம் போட்டால் மதுரை, அருப்புக்கோட்டை, வீரசோழன், ராமநாதபுரம் எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் உள்ள வானத்தை ஐந்து அடுக்குகளாக வெட்டினார். ஒரு கட்டத்தில் காற்றின் அழுத்தம். அடுத்த கட்டத்தில் காற்றின் வேகம். சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதுபோல் அமைத்தார். இப்போது என்ன இருக்கிறது என்று தெரிந்தால், மூன்று மணி கழித்து என்ன இருக்கும் என்று கணக்குச் சொல்லும். அதிலிருந்து அடுத்த மூன்று மணி.

இதற்குள் முதல் உலக யுத்தம் வந்துவிட்டது. ரிச்சர்ட்சன் துப்பாக்கி எடுக்க மறுத்தார். வீட்டில் சும்மா இருக்கவும் மனம் ஒப்பவில்லை. 1916-ல் வேலையை விட்டுவிட்டு, குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தார். பிரான்சுப் போர்முனையில், குண்டு விழும் சாலைகளில் அடிபட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று ஆண்டு இந்த வேலைதான்.

ஓய்வு கிடைக்கும் நேரத்தில், குளிரில் நடுங்கும் ஒரு தங்குமிடத்தில், வைக்கோல் குவியலையே மேஜையாக்கிக் கணக்குப் போட்டார். 1910 மே 20-ந் தேதி ஐரோப்பாவில் காற்று எப்படி இருந்தது என்ற விவரம் அவரிடம் இருந்தது. அதை வைத்து ஆறு மணி நேரத்தில் வானிலை எப்படி மாறியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். இரண்டே இரண்டு கட்டங்களுக்கு! அதற்கு ஆறு வாரம் பிடித்தது.

1917 ஏப்ரலில் ஷாம்பேன் சண்டையின்போது கையெழுத்துப் பிரதி பின்னணிக்கு அனுப்பப்பட்டது. போன இடத்தில் தொலைந்துவிட்டது. பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் அது அகப்பட்டது!

எங்கே தப்பு?

கணக்கின் விடை என்ன? ஜெர்மனியில் முனிக் நகரின் பக்கம் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறியிருக்க வேண்டும் என்று வந்தது.

உண்மையில் அன்று அழுத்தம் ஏறவே இல்லை. இறங்கவும் இல்லை. பெரும் புயலின் நடுவில்கூட அழுத்தம் இப்படி நூற்றுக்கு மேல் மாறுவது அபூர்வம். அமைதியான ஒரு காலைப் பொழுதுக்கு இவ்வளவு பெரிய தப்பு.

வேறு ஒருவராக இருந்தால் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார். ரிச்சர்ட்சன் அந்தத் தப்பான விடையையும் சேர்த்து 1922-ல் புத்தகமாக வெளியிட்டார். 750 பிரதிகள் அச்சாயின. முப்பது ஆண்டு ஆகியும் அவை விற்றுத் தீரவில்லை.

பல ஆண்டு கழித்து அயர்லாந்து வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச், அதே கணக்கைக் கணிப்பொறியில் போட்டுப் பார்த்தார். அதே 145 வந்தது. ரிச்சர்ட்சனின் கூட்டல் கழித்தல் சரி. கோளாறு, தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அளவுகளில் இருந்தது.

கண்மாயில் கல்லைப் போட்டால் அலை எழும்புகிறது. அலையின் முகட்டில் அளவுகோலை வைத்தால் கண்மாய் பெருகுவதுபோல் தெரியும். ஆனால் கண்மாயில் தண்ணீர் கூடவில்லை. காற்று மண்டலத்திலும் இப்படிச் சலசலப்பு அலைகள் உண்டு. அங்கங்கே எடுத்த அளவுகள் ஒன்றோடு ஒன்று பொருந்தாவிட்டால், இல்லாத அலைகளும் கணக்கில் புகுந்துவிடும். அந்தப் பொய் அலைகளைத் தணித்துவிட்டு லிஞ்ச் மீண்டும் கணக்கிட்டார். 145 போய், ஒரு மில்லிபாருக்கும் குறைவாக வந்தது!

அறுபத்து நாலாயிரம் பேர்

அந்தப் புத்தகத்தில் ஒரு விந்தையான கனவும் இருக்கிறது.

ஒரு பிரம்மாண்டமான மண்டபம். உட்சுவர் முழுவதும் உலகப் படம். மாடி மாடியாக அறுபத்து நாலாயிரம் பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பங்கு கணக்கைப் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் விடையைப் பக்கத்தில் உள்ளவருக்குக் காட்டுகிறார்கள். நடுவே உயரமான தூண். அதன் உச்சியில் ஒரு தலைவர், கச்சேரி நடத்துவதுபோல் வேலையை நடத்துகிறார். முந்திக்கொண்டு ஓடும் பகுதிமேல் இளஞ்சிவப்பு விளக்கு அடிக்கிறார். பின்தங்கும் பகுதிமேல் நீல விளக்கு. வெளியே விளையாட்டு மைதானம், மலை, ஏரி. வானிலையைக் கணக்கிடுகிறவர்கள் அந்தக் காற்றைச் சுவாசிக்க வேண்டாமா?

கணிப்பொறியின் பெயர்கூட யாருக்கும் தெரியாத காலத்தில் கண்ட கனவு இது. இன்று ஆயிரக்கணக்கான மூளைகளை ஒன்றாகக் கோத்த ராட்சசக் கணிப்பொறிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. கட்டத்தைப் பங்கு போட்டு, ஓரத்து விடையைப் பக்கத்து மூளைக்குச் சொல்கின்றன.

வேலையை உதறினார்

யுத்தம் முடிந்து வானிலை இலாகாவில் மீண்டும் சேர்ந்தார். 1920-ல் அந்த இலாகாவை விமானப் படை அமைச்சகத்தோடு சர்க்கார் இணைத்தது. ராணுவத்தின் கீழ் சம்பளம் வாங்க ரிச்சர்ட்சன் சம்மதிக்கவில்லை. ராஜினாமாச் செய்துவிட்டு, கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போனார்.

பிறகு ஒரு துக்கமான சம்பவம் நடந்தது. காற்று எப்படிச் சுழன்று பரவுகிறது என்று அவர் ஆராய்ந்து வந்தார். அந்த ஆராய்ச்சியில் யாருக்கு அதிக அக்கறை? விஷவாயு நிபுணர்களுக்கு! இதை அறிந்ததும் அச்சேறாமல் இருந்த தாள்களை அவர் அழித்துவிட்டார். வானிலை ஆராய்ச்சியையே நிறுத்தினார். அவரை 1926-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியிருந்தது. பேரும் புகழும் வரும் நேரத்தில் இப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்?

அதன்பின் யுத்தங்களையே ஆராயத் தொடங்கினார். மனோதத்துவம் படித்துப் பட்டமும் வாங்கினார். நாடுகள் ஏன் சண்டையிடுகின்றன என்று கணக்குப் போட்டார். 1940-ல், பெய்ஸ்லி என்னும் ஊரில் கல்லூரித் தலைவர் பதவியை விட்டு விலகி, இதிலேயே முழுமூச்சாக இறங்கினார்.

நீளும் எல்லை

எல்லை ஒட்டிய நாடுகள் அதிகம் சண்டை போடுகின்றனவா என்று பார்க்க, எல்லைகளின் நீளம் அவருக்குத் தேவைப்பட்டது. புத்தகங்களைப் புரட்டினார். ஒரே எல்லைக்கு ஸ்பெயின் 987 கிலோமீட்டர் என்றது. போர்ச்சுகல் 1,214 என்றது.

பொய் சொன்னது யார்? யாருமில்லை. ஒரு கண்மாய்க் கரையை நூறடிச் சங்கிலியால் அளந்தால் ஒரு கணக்கு வரும். சாணால் அளந்தால் ஒவ்வொரு வளைவிலும் நெளிவிலும் சாண் புகுந்து வரும். நீளம் கூடிவிடும். அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் வளர்ந்துகொண்டே போகும். ரிச்சர்ட்சன் இதை எழுதி வைத்தார். அது அச்சில் வந்தது 1961-ல், அவர் மறைந்த பிறகு.

நமது நாட்டிலேயே இது நடந்தது. பல ஆண்டுகளாக இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று படித்து வந்தோம். புதிதாக நுணுக்கமான படத்தை வைத்து அளந்து, 11,098 கிலோமீட்டர் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. அளவுகோல் சிறுத்தது. கரை நீண்டது.

மறைவு

ஸ்காட்லாந்தில் கடலோரம் குடியிருந்த காலத்தில், ஸ்டாம்மல் என்ற அமெரிக்கக் கடல் ஆராய்ச்சியாளர் அவரைத் தேடி வந்தார். இருவரும் முள்ளங்கி போன்ற ஒரு வெள்ளைக் கிழங்கைத் துண்டு போட்டுக் கடலில் வீசினார்கள். துண்டுகள் எவ்வளவு விலகிப் போகின்றன என்று அளந்தார்கள். வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியும். பெரும்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால் காற்று தள்ளாது. 1948-ல் அது விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரையாக வந்தது!

1950-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற கணிப்பொறியில் முதன்முறையாக வானிலைக் கணக்குப் போட்டார்கள். பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்கிட ராணுவம் செய்த இயந்திரம் அது. ராணுவச் சம்பளம் வேண்டாம் என்று விலகியவரின் கணக்குக்கு ராணுவ இயந்திரம்தான் உயிர் கொடுத்தது. விதியின் விளையாட்டு!

24 மணி நேர வானிலையைக் கணக்கிட இயந்திரத்துக்கும் ஏறக்குறைய 24 மணி நேரம் ஆயிற்று. முடிவுகள் ரிச்சர்ட்சனுக்கு வந்தன. அவர் படங்களை மனைவி டாரதியிடம் காட்டி, எது உண்மையோடு ஒத்திருக்கிறது என்று கேட்டார். கணிப்பொறி சொன்னது கொஞ்சம் தேவலை என்று அந்த அம்மாள் தீர்ப்பளித்தார். 145-ல் தொடங்கிய கதைக்கு அது பெரிய முன்னேற்றம் என்று ரிச்சர்ட்சன் மகிழ்ந்து பதில் எழுதினார்.

1953 செப்டம்பர் 30-ந் தேதி ரிச்சர்ட்சன் காலமானார். அவருக்கு வயது 71.

கடலுக்கு விரித்த வலை

1956-57-ல் பிரெஞ்சு வானிலை அறிஞர் ஜெல்சியும் அவருடைய கூட்டாளிகளும் கடல் அலைக்கும் கட்டம் போட்டார்கள். நம் நாட்டில் அந்த ஏற்பாடு வருவதற்கு முன்பே, 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு, கடல் எழுந்து தனுஷ்கோடியை விழுங்கியது.

அலைக்கு எப்படிக் கட்டம் போடுகிறார்கள்? கடலின் படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். இது தரையா, கடலா? கடல் என்றால் ஆழம் எத்தனை மீட்டர்? மேலே காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்? எல்லாவற்றையும் கட்டம்தோறும் எழுதுகிறார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் வரவு செலவுக் கணக்கு. காற்று கொடுப்பது வரவு. அலை உடைந்து நுரையாகப் போவது செலவு. பக்கத்துக் கட்டத்துக்கு நகர்வது கைமாற்று.

கட்டத்தின் அளவுதான் இதில் பெரிய தொல்லை. மீன் வலையைப் போலத்தான் இது. வலைக்கண் பெரிதாக இருந்தால் நெத்திலி தப்பிவிடும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. எல்லாம் சிறிய தீவுகள். 25 கிலோமீட்டர் கட்டம் போட்டால் தீவு காணாமல் போய்விடும். உண்மையில் தீவும் பவளப் பாறையும் தடுத்து அடக்குகிற அலையை, கணிப்பொறி அடக்காமல் கரைக்கு அனுப்பிவிடும்.

சிறு கட்டமாகப் போட்டால் என்ன? அதற்கும் ஒரு சட்டம் உண்டு. 1928-ல் கூரன்ட், பிரீட்ரிக்ஸ், லூயி என்ற மூன்று கணித அறிஞர்கள் கண்டது அது. கணக்கு ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. தாண்டினால் கணக்கு வெறிபிடித்ததுபோல் வீங்கிவிடும். எனவே கட்டத்தைச் சிறிதாக்கினால் கால அளவையும் சிறிதாக்க வேண்டும். பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு. கால அடிகள் இரண்டு மடங்கு. வேலை எட்டு மடங்கு! 25 கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டர் ஆக்கினால் வேலை 15,625 மடங்கு.

ஆகவே பெரிய வலைக்குள் சிறிய வலையை வைக்கிறார்கள். ஆழ்கடலில் பெரிய கட்டம். கரை நெருங்க நெருங்கச் சிறிய கட்டம். சில இடங்களில் சதுரத்தை விட்டுவிட்டு, கரையின் வளைவுக்கு ஏற்ப முக்கோணங்களாகவும் வெட்டுகிறார்கள். பாக் ஜலசந்தி போல ஆழமில்லாத கடலில் அலை அடித்தரையை உரசும். அங்கே ஆழக் கணக்கு தப்பினால் அலைக் கணக்கும் தப்பும்.

பெரிய வலையையும் விட்டுவிட முடியாது. கன்னியாகுமரிப் பக்கம் காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் கரையேறுவது உண்டு. கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, பனிக்கண்டத்தை அடுத்த கடலில் எழுந்த அலை, சில நாள் பயணம் செய்து கள்ளனைப் போல வந்து சேர்கிறது. வலையைத் தென்கோடிவரை விரித்தால்தான் அந்தக் கள்ளன் அகப்படுவான்.

ஐதராபாத்தில் 1999-ல் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த வலையை விரிக்கிறது. வானிலைக் கட்டமும் சிறுத்து வந்திருக்கிறது. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு வந்தது. மதுரையோடும் ராமநாதபுரத்தோடும் ஒரே கட்டத்தில் அடைபட்டிருக்க வேண்டிய வீரசோழனுக்கு இப்போது தனிக் கட்டம். திருச்சுழிக்கு வேறு கட்டம். அடுத்தடுத்த ஊர்க் கண்மாய்கள் மட்டும் இன்னும் ஒரே கட்டத்தில்தான் இருக்கின்றன.